கூஜா மூடியில் வெட்டிய டோக்கன்

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் புதிதாகக் குடி வருகிறவர்கள் முதல் வாரம் ஃபேக்டரிச் சங்கைத் திட்டுவார்கள். இரண்டாவது வாரம் அது ஊதுவதே காதில் விழாது. அதற்கப்புறம் அது இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது. காலைச் சங்குக்கு இட்லிப் பானை இறங்கியிருக்க வேண்டும், மத்தியானச் சங்குக்குச் சோறு வடித்திருக்க வேண்டும், சாயங்காலச் சங்குக்கு டீ கொதிக்க வேண்டும். எல்லார் வீட்டிலும் சுவர்க் கடிகாரம் உண்டு. அது விருந்தாளிகள் பார்ப்பதற்கு.

பக்கத்து வீட்டு ஜெபாவுக்கு அந்தச் சங்கில் இன்னொரு வேலையும் இருந்தது. அவளுடைய மகள் ரோஷினிக்கு அதுதான் ஊசி நேரம்.

ரோஷினி நாலு வயதில் ஒரு வாரம் முழுக்கத் தண்ணீர் தண்ணீர் என்று குடித்துத் தீர்த்தாள். பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்து ஐ.சி.யூ. வரை போய்த் திரும்பினாள். உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுபோய்விட்டது என்றார்கள். பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை நோய் வேறு, இது வேறு. மாத்திரைக்கு அடங்காது, பத்தியத்துக்கும் அடங்காது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் ஊசி, அதுவும் ஆயுசுக்கும். அளவு குறைந்தாலும் ஆபத்து, கூடினால் அதைவிட ஆபத்து.

“சின்னப் பிள்ளைக்குச் சுகரா? சாக்லேட் நிறைய வாங்கிக் குடுத்தீங்களோ?” என்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்பவர்களை ஜெபா சிரித்தே கடந்துவிடுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அப்படிக் கேட்ட ஒருத்தியிடம், “உங்க வீட்டுக்காரருக்கு வழுக்கை விழுந்திருக்கே, சீப்பு நிறைய வாங்கிக் குடுத்தீங்களோ?” என்று கேட்டேவிட்டேன். இன்றுவரை அவள் என்னோடு பேசுவதில்லை. எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

ஜெபா நாசரேத் பக்கத்துப் பெண். கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, டீச்சராகும் கனவோடு கல்யாணமாகி வந்தவள். மகளுக்கு ஊசி ஆரம்பித்த பிறகு அந்தச் சர்ட்டிபிகேட்டுகளைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாள். மத்தியானச் சங்கு ஊதியதும் சின்னக் கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். கூடைக்குள் சூடான சோறும், ஐஸ் வைத்த டப்பாவில் இன்சுலின் பேனாவும் இருக்கும். ஊசிதான், ஆனால் பார்ப்பதற்குப் பேனா மாதிரி இருப்பதால் அதற்குப் பேரே பேனா. வாட்ச்மேன் ஏகாம்பரம் தூரத்திலேயே அவளைப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்து வைப்பார். மகளுக்கு ஊசி போட்டு, அவள் கடைசிப் பருக்கைவரை சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து தன் தட்டில் ஆறிப்போன சோற்றைப் போட்டுக்கொள்வாள். அதற்குள் நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருப்பேன்.

அவள் கணவர் ராஜசேகரன், எங்களுக்கெல்லாம் சேகர், அதே ஃபேக்டரியில் ஃபிட்டர். முத்தாபுதுப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். அவர் பேசினால் கீழ் வீட்டுக்காரர்கள் பதில் சொல்வார்கள், அவ்வளவு சத்தம். டன் கணக்கில் இரும்பைத் தூக்கி நிறுத்துகிற மனிதர், மகளுக்கு ஊசி போடும் நேரத்தில் பால்கனிக்குப் போய் முருங்கை மரத்தை எண்ணிக்கொண்டிருப்பார். இருப்பது ஒரே ஒரு முருங்கை மரம்.

ரோஷினிக்கு ஒன்பது வயதாகும்போது கொரோனா வந்தது. ஃபேக்டரியை மூடினார்கள், சங்கும் நின்றது.

வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. எங்கள் குவார்ட்டர்ஸில் அந்த ஏப்ரல் மாதம் காலையும் மத்தியானமும் ஒன்றாகக் கலந்துபோயின. குளித்துவிட்டோமா என்றே சந்தேகம் வரும். இதில் ஜெபா வீட்டில் சேகர் முழு நாளும் வீட்டில் இருந்தார். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதர். ஃபேன் ரெக்கையைக் கழற்றித் துடைத்தார், கதவுக்கெல்லாம் எண்ணெய் விட்டார், அதற்கப்புறம் வேலை தீர்ந்துபோய், “எனக்கும் ஊசி போடக் கத்துக் குடு ஜெபா” என்று ஆரம்பித்தார். அவள் சந்தோஷப்பட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். பேனாவில் அளவு திருப்புவதையும், வயிற்றுச் சதையைப் பிடித்துக் குத்துவதையும் காட்டிக் கொடுத்தாள். ஊசிக்கு முன்னால் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மீட்டரில் பார்ப்பதுதான் வழக்கம். அந்த வாரம் மீட்டரில் வைக்கும் ஸ்ட்ரிப் எந்தக் கடையிலும் இல்லாததால், மிச்சம் பிடித்து ஒரு வேளை விட்டு ஒரு வேளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் தாளிப்பதற்குக் கடுகு தீர்ந்துவிட்டது. கிண்ணத்தோடு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். சேகர் முகமெல்லாம் பல்லாகக் கதவைத் திறந்தார்.

“மங்களக்கா, இன்னிக்கு பாப்பாக்கு ஊசி நாந்தான் போட்டேன். கை நடுங்கவே இல்ல தெரியுமா. பாப்பாவும் கத்தல.”

உள்ளே ஜெபா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் நின்றது.

“எந்த ஊசி?” என்று கேட்டாள்.

“மத்தியான ஊசிதான். நீ மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தல்ல. லேட்டாவுதேன்னு நானே எட்த்து போட்டுட்டேன்.”

துணி எடுக்கப் போவதற்கு முன்பே ஜெபா ஊசியைப் போட்டுவிட்டுத்தான் போயிருந்தாள்.

ரோஷினி ஹாலில் பாயில் படுத்திருந்தாள். அன்றைக்குச் சாப்பாடும் பாதிதான் உள்ளே போயிருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. கூப்பிட்டால் ‘ம்’ என்றாள், கண்ணைத் திறக்கவில்லை. ஜெபா கத்தவில்லை. குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து, மகளை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, “முழுங்குடி ராசாத்தி, இன்னொரு வாய், இன்னொரு வாய்” என்று புகட்டினாள். சேகர் நட்ட கம்பம் மாதிரி நின்றார். “வண்டிய எடுங்க” என்று நான் போட்ட சத்தத்தில்தான் அவருக்கு உயிர் வந்தது. மூன்று பேரும் ஒரே வண்டியில் போனார்கள். தெருமுனையில் தடுப்பு வைத்திருந்த போலீஸ்காரர் கையை நீட்டினார். ஜெபா மகளைச் சற்றுத் தூக்கிக் காட்டியதும் அவரே ஓடிப் போய்த் தடுப்பை இழுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். சாயங்காலம் குழந்தை கண் விழித்துத் தோசை கேட்டாளாம். அதை ஜெபா போனில் சொன்னபோது நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

“அம்மா போட்டுட்டாங்கன்னு அப்பாகிட்ட ஏன்டி சொல்லல?” என்று பிறகு நான் கேட்டேன்.

“சுகர் ஏறியிருந்தா சில நாள் அம்மாவே ரெண்டு வாட்டி போடுவாங்க ஆன்ட்டி. அன்னிக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்.”

யாரைக் குற்றம் சொல்வது? சங்கு ஊதியிருந்தால் இது நடந்திருக்காது. ஊதினால் ஜெபா போடுவாள், அவ்வளவுதான். அது நின்றதால் யாருக்கும் வேளை தெரியவில்லை, போட்டாச்சா இல்லையா என்பதும் தெரியவில்லை. ஆனால் ஜெபா அப்படி நினைக்கவில்லை. தவறு தன்னுடையது, இன்னொருவர் கையில் பேனாவைக் கொடுத்ததுதான் தவறு என்று முடிவு கட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த வீடு வீடாக இல்லை. பேனா டப்பாவைக் குளிக்கப் போனாலும் குளியலறை வாசல்வரை கொண்டுபோனாள். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், கீரையைக் கழுவினாள், நான் கொடுத்த முறுக்கையும் கழுவியிருப்பாள், நான் பார்க்கவில்லை. ஃபேக்டரி திரும்பத் திறந்து சங்கும் ஊத ஆரம்பித்தது. சேகர் வேலைக்குப் போய் வந்து பின் பால்கனியிலேயே குளித்து, ஹாலில் ஓரமாகப் படுத்தார். வெளியே இருந்து நோயைக் கொண்டு வந்துவிடுவார் என்று அவளுக்குப் பயம். அவருக்கோ தன் கையைப் பார்த்தாலே பயம். அந்தப் பெரிய சத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. ரோஷினி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, கீழே விளையாடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஜெபா எல்லாவற்றுக்கும் எரிந்து விழுந்தாள். எரிந்து விழுந்துவிட்டு அழுதாள். நான் அவளைத் தேற்றப் போய், நானும் திட்டு வாங்கிக்கொண்டு வருவேன்.

அந்த நாட்களில்தான் சேகர் கூஜாவில் கை வைத்தார்.

ஜெபா வீட்டில் கல்யாணச் சீராக வந்த பித்தளைக் கூஜா ஒன்று ஷோகேஸில் இருந்தது. ஒரு நாள் பின் பால்கனியிலிருந்து ரம்பச் சத்தம். எங்கள் பால்கனியும் அவர்களுடையதும் பக்கத்துப் பக்கம் என்பதால் எட்டிப் பார்த்தேன். மனிதர் கூஜாவின் மூடியை இடுக்கியில் பிடித்து வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். வட்டமாக வெட்டி, ஓரத்தை அரத்தால் வழுவழுவென்று தேய்த்து, மேலே ஒரு துளை போட்டு, நடுவில் ‘1’ என்று குத்தினார்.

“இன்னா பண்ற சேகரு?” என்று அவருடைய பாஷையிலேயே கேட்டேன்.

“எங்க டூல் ரூம்ல ஒரு ஸ்பேனர் எட்க்கணும்னா கூட டோக்கன குட்த்துட்டுத்தான் எட்க்கணும் கா. டோக்கன் ஆணில தொங்குச்சுனா டூல் வெளிய கீதுன்னு அர்த்தம். யாரையும் கேக்க வாணாம், பாத்தா போதும். இதுல மட்டும் ஒருத்தனும் பொய் சொல்ல மாட்டான். உள்ள ஸ்பேனரை உட்டுட்டு மிஷினை ஓட்டுனா ஆளே பூடுவான்ல.”

ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்தார். ஊசி போட்டவர் டோக்கனை ஆணியில் மாட்ட வேண்டும். சாப்பிட்டு முடித்துத் தட்டுக் கழுவியதும் டோக்கன் திரும்ப டப்பாவுக்குள் போய்விட வேண்டும். டோக்கன் தொங்கினால் இந்த வேளைக்கு ஊசி முடிந்தது, வேறு யாரும் பேனாவைத் தொடக் கூடாது. இதுதான் சட்டம்.

பல நாளாகக் கணவரோடு முகம் கொடுத்துப் பேசாத ஜெபா அன்றைக்குப் பேசினாள். “எங்க அம்மா குடுத்த கூஜா. உங்களுக்கு வெட்டுறதுக்கு வேற ஒண்ணும் கிடைக்கலியா?” என்று ஆரம்பித்து நன்றாகவே பேசினாள். முடிக்கும்போது, “ஊசி நான் ஒருத்திதான் போடுவேன். ஒரு ஆளுக்கு எதுக்குங்க டோக்கன்?” என்றாள். டோக்கன் சும்மா தொங்கியது. ரோஷினி மட்டும் போகும்போதும் வரும்போதும் அதை ஒரு சுண்டு சுண்டிவிட்டுப் போவாள்.

அடுத்த வருடம் இரண்டாவது அலை வந்தது. மே மாதம் ஒரு காலையில் என் சமையலறைக்குள் பால் தீயும் நாற்றம் வந்தது. என் அடுப்பில் பால் இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தால், ஜெபா தன் அடுப்புக்கு முன்னால்தான் நிற்கிறாள். பாத்திரம் கருகிப் புகைகிறது.

“ஏம்மா, உனக்கு நாத்தம் தெரியல?” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பின்வாங்கி, மகள் இருந்த பக்கத்திலிருந்து விலகிப் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள். இருவருக்கும் புரிந்துவிட்டது.

சேகருக்கும் மகளுக்கும் டெஸ்ட்டில் ஒன்றுமில்லை. ஜெபாவுக்கு மட்டும் இருந்தது. மூச்சு நன்றாக இருப்பதால் வீட்டிலேயே தனி அறையில் இருக்கச் சொன்னார்கள். படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டியதுதான் பாக்கி. டப்பா அவள் கையில் இருந்தது. வெளியில் துடைத்து வாசல்படியில் வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள், மறுபடி எடுத்தாள். நான் மாஸ்க்கோடு அவர்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நோய் அவளை என்ன செய்யும் என்பது அவள் கவலையே இல்லை. இந்த டப்பா மறுபடி அந்தக் கைகளுக்குப் போகிறதே என்பதுதான்.

“அம்மா, வெச்சிட்டு உள்ள போங்க. நான் பாத்துக்கறேன்” என்றாள் ரோஷினி. வயது பத்து.

ஜெபா வைத்தாள். கதவைப் பாதி சாத்தியவள் நின்று, கணவரைப் பார்த்தாள்.

“அந்த டோக்கன பின் ஜன்னல் கம்பியில மாட்டுங்க. போன்ல சொன்னா எனக்குப் போதாது. நான் கண்ணால பாக்கணும்” என்றாள்.

படுக்கையறை ஜன்னல் பின் பால்கனியைப் பார்த்து இருக்கும். அதன் வெளிப்பக்கக் கம்பியில் சேகர் ஒரு கொக்கியை வளைத்து மாட்டினார்.

முதல் வேளைக்கு அவர் பேனாவைக் கையில் எடுத்தார், கை உதறியது. அன்றைக்கு நடுங்காத கை இப்போது நடுங்குகிறது. ரோஷினி மெல்ல அதை வாங்கிக்கொண்டாள். “நீ அளவ மட்டும் படிப்பா. நான் போட்டுக்கறேன்” என்றாள். மீட்டரில் பார்த்து, பேனாவைத் திருப்பினாள். அவர் எண்ணைச் சத்தமாகப் படித்தார், அவள் இன்னொரு தடவை பார்த்து, தன் வயிற்றுச் சதையைத் தானே பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினாள். பிறகு பால்கனிக்கு ஓடி வந்து டோக்கனைக் கொக்கியில் மாட்டினாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஜெபா கண்ணை மூடித் திறந்தாள். சேகர் குழந்தையைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். பழைய சத்தம் கீழ் வீடுவரை கேட்டது.

அப்படியே ஓடியது. காலையும் மத்தியானமும் ராத்திரியும் அந்தப் பித்தளை ஜன்னலில் ஆடும், தட்டுக் கழுவியதும் இறங்கும். ஜெபாவுக்குக் காய்ச்சல் ஏறும், இறங்கும். கண் மட்டும் கம்பியை விட்டு விலகாது.

ஒரு நாள் மத்தியானச் சங்கு ஊதியது. டோக்கன் வரவில்லை. துணி உலர்த்திக்கொண்டிருந்த நானும் கவனித்தேன். கொஞ்ச நேரம் போயிற்று, இன்னும் வரவில்லை. ஜெபா ஜன்னலைத் தட்டினாள். பிறகு உள்ளிருந்து கதவையே இடிக்க ஆரம்பித்தாள். இருமலுக்கு நடுவே, “ரோஷி, ரோஷி” என்ற குரல். போன வருடத்து வேர்வை முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

ரோஷினி பால்கனிக்கு வந்தாள். கையில் சோற்றுத் தட்டு. வாய் நிறையச் சோறு.

“ஏம்மா கதவ ஒடைக்கறீங்க? மீட்டர்ல பாத்தேன், சுகர் ரொம்பக் கம்மியா இருந்துச்சு. அப்பா போடலாமான்னாரு. வேணாம்ப்பா, மொதல்ல துன்னுட்டு, சுகர் ஏறட்டும், அப்பறம் போடலாம்னு சொல்லிட்டேன். இன்னும் ஊசி போடல. போடாம எப்படி மாட்டுவேன்?”

ஜெபா கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்த நேரத்தில் ஊசியைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அம்மா பயப்படுவாளே என்று சும்மாவாவது மாட்டி வைத்திருக்கலாம், அந்தக் குழந்தை அதையும் செய்யவில்லை.

“சரிடி” என்றாள் ஜெபா. “உக்காந்து மெதுவா சாப்பிடு.”

அன்று மீண்டும் மீட்டரில் பார்த்த பிறகுதான் டோக்கன் தொங்கியது. அதைப் பார்க்க ஜெபா விழித்திருக்கவில்லை. கட்டிலில் கை காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டப்பகலில், மகள் ஊசி போட்டுக்கொள்ளும் வேளையில், அவள் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவள் தேறி வெளியே வந்தபோது டப்பாவைத் திரும்பக் கேட்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் அதன் இடத்திலேயே விட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடம் திறந்தார்கள். பிள்ளைகள் வரலாம், பெற்றோர் கேட்டைத் தாண்டக் கூடாது, நோய்த் தடுப்புச் சட்டம் என்றார்கள். அப்படியானால் மத்தியான ஊசி? கிளாஸ் டீச்சர் வித்யா போன் செய்து, உடம்பு சரியில்லாத பிள்ளைகள் கொஞ்ச நாள் வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்றார். நல்ல மனுஷிதான், பயந்த மனுஷி. ஜெபா மகளைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்கே போய்விட்டாள். நானும் போனேன், என்னை யாரும் கூப்பிடவில்லை.

“கிளாஸ்ல ஊசின்னா மத்த பிள்ளைங்க பயப்படுவாங்களேம்மா. ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா?” என்றார் வித்யா.

நான் வாயைத் திறப்பதற்குள் ரோஷினி சொன்னாள்: “மிஸ், நான் எனக்குத்தான் போட்டுப்பேன். அவங்களுக்குப் போட மாட்டேன்.”

வித்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெபாவைப் பார்த்தார். “உங்களுக்கு நம்பிக்கை இருக்காம்மா?”

போன வருடம் கேட்டிருந்தால் ஜெபா மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பாள். இப்போது நிமிர்ந்து நின்றாள். “இருக்கு மிஸ். சுகர் இறங்கினா என்ன செய்யணும்னு உங்களுக்கு நான் சொல்லித் தாரேன். மத்தத அவ பாத்துக்கிடுவா” என்றாள்.

முதல் நாள் மத்தியானம் நானும் ஜெபாவும் பள்ளிக்கூடத்துக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றோம். கூடை இல்லாத கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். சங்கு ஊதியது. மாடி வராந்தாவில் பிள்ளைகள் டிபன் பாக்ஸோடு அங்கும் இங்கும் ஓடினார்கள். ரோஷினியைக் காணோம். ஜெபாவின் பிடி இறுகியது. எனக்கு வலித்தது, சொல்லவில்லை. “மீட்டர்ல பாத்துக்கிட்டு இருப்பா” என்றாள் அவளே. “அவசரப்பட மாட்டா.”

அப்போது மாடிக் கம்பியருகே ரோஷினி வந்தாள். கூடவே இரண்டு மூன்று பிள்ளைகள், பயந்த முகம் ஒன்றுகூட இல்லை. கம்பியில் எதையோ மாட்டிவிட்டு விலகினாள். மத்தியான வெயில் பட்டு அந்தப் பித்தளை பளீரென்று மின்னியது. தோழி ஒருத்தி அதைச் சுண்டிவிட்டாள். ரோஷினி எங்களைப் பார்த்து, போங்க, வீட்டுக்குப் போங்க என்று கையை வீசினாள்.

ஜெபா சிரித்தாள், அழுதாள், எது எப்போது என்று பிரிக்க முடியவில்லை. நான் நடுத்தெருவில் கை தட்டினேன். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் என்னவோ ஏதோ என்று வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

கேட்டில் ஏகாம்பரம் எழுந்து நின்றார். “இன்னாம்மா, பாப்பாவே போட்டுகிச்சா? அப்பறம் இன்னா, ஊட்டுக்குப் போய் சுடச்சுட துன்னுங்க. எத்தினி வருசம் அந்தக் கூடைய தூக்கிகினு ஓடியாந்தீங்க.”

அன்று என் வீட்டில்தான் சாப்பிட்டோம். வஞ்சிரக் குழம்பு. சோற்றிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. ஜெபா முதல் கவளத்தை வாயில் வைத்து, “அக்கா, சோறு இவ்வளவு சூடாவா இருக்கும்?” என்றாள். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழம்பில் காரம் என்று சமாளித்தேன்.

இப்போது ரோஷினி பெரிய வகுப்பில் படிக்கிறாள். கோ-கோ டீமில் இருக்கிறாள், போட்டிக்கு வெளியூரெல்லாம் போகிறாள். ஜெபா பெட்டிக்கு அடியிலிருந்த சர்ட்டிபிகேட்டுகளை எடுத்துத் தூசி தட்டினாள். திருவேற்காட்டில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், காலையில் வேனைப் பிடித்துப் போகிறாள். எங்கள் சங்கு அங்கே கேட்காது. அதைப் பற்றி அவள் நினைப்பதாகவும் தெரியவில்லை. சேகர் இப்போதும் ஊசியைக் கண்டால் பால்கனிக்குத்தான் போகிறார், ஆனால் சத்தமாகப் பாடிக்கொண்டு போகிறார்.

அந்தக் கூஜா இன்னும் ஷோகேஸில் வாயைத் திறந்தபடி நிற்கிறது. வேறு மூடி போட்டுத் தருகிறேன் என்று சேகர் பலமுறை சொல்லியும் ஜெபா சம்மதிக்கவில்லை. போன மாதம் ஊரிலிருந்து அவள் சித்தி வந்திருந்தாள். ஷோகேஸைப் பார்த்துவிட்டு, “ஏட்டி, அம்மா குடுத்த கூஜாவுக்கு மூடி எங்க?” என்று கேட்டாள்.

மகளின் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஜெபா தலையைத் தூக்கவே இல்லை.

“ரோஷினியோட மேட்சுக்குப் போயிருக்கு சித்தி” என்றாள்.